மாட வீதி முதல் மொட்டை மாடி வரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மயிலை கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழா நெருங்கும் நாட்களில் மயிலாப்பூர், மந்தைவெளி வட்டாரத்திலிருந்து வரும் கடிதங்களில் ஆண்டுதோறும் மூன்று கவலைகள் மாறாமல் இருக்கும். திருவிழாக் கூட்டம், திருட்டு பயம், கோடைத் தண்ணீர் ஆகியவையே அவை. இந்த முறை வந்தவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 2003-ஆம் ஆண்டிலேயே மழைநீர் சேகரிப்புத் தொட்டி கட்டிவிட்டோம். இருந்தும் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது; ஏப்ரல் வந்தால் லாரித் தண்ணீர்தான். மழைநீர் சேகரிப்பே வீண் என்று சிலர் பேசத் தொடங்கிவிட்டார்கள். உண்மையில் அது வீணா?
(குடியிருப்போர் சங்கச் செயலாளர், மந்தைவெளி)

நீங்கள் கட்டியது 2003-இல். அதைக் கடைசியாகத் தூர் வாரியது எப்போது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லையே, ஐயா. தமிழ்நாடு முழுவதும் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-இல் அரசு ஆணையிட்டபோது, குடிநீர் இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடுமோ என்ற அச்சத்தில் சில மாதங்களுக்குள் கட்டி முடிக்கப்பட்ட தொட்டிகள் ஏராளம். அவற்றில் நன்றாகக் கட்டப்பட்டவையும் உண்டு. கணக்குக் காட்டுவதற்காக மட்டும் கட்டப்பட்டவையும் உண்டு. ஆனால் இரண்டு வகைக்குமே இருபது ஆண்டு மண் அடைப்பு பொதுவானது. சென்ற மாதம் ஒரு குடியிருப்பில் மூடியைத் திறந்து பார்த்தேன். அதன் மேல் துளசித் தொட்டி ஒன்று நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. அதை நகர்த்தி மூடியைத் தூக்கியபோது, மேலே கூழாங்கல் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புச் சேறு பாளம் பாளமாக இறுகிக் கிடந்தது. கம்பியை விட்டுக் குத்தினால் இறங்கவில்லை. அந்தத் தொட்டிக்கு எவ்வளவு மழை பெய்தாலும் ஒன்றுதான்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். மேல்நிலைத் தொட்டியைக் கழுவும் நாளில், பிளீச்சிங் பவுடர் போடுவதற்கு முன்பாக, அலசிய தண்ணீரை மொட்டை மாடியில் ஓடவிட்டு, கீழே ஒருவரை நிறுத்தி அது எங்கே வந்து சேருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பல கட்டடங்களில் மாடிக் குழாய்களில் ஒன்றோ இரண்டோதான் சேகரிப்புத் தொட்டிக்கு வரும். மற்றவை தெருவுக்கோ, அதைவிட மோசமாகக் கழிவுநீர்த் தொட்டிக்கோ போய்ச் சேரும். மழை நாட்களில் தெருவில் கழிவுநீர் மூடிகள் பொங்குவதற்கு, மாடித் தண்ணீரைச் சாக்கடையோடு இணைத்திருப்பதும் ஒரு காரணம்.

இதனால் எவ்வளவு இழக்கிறோம் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். உங்கள் மாடி 2,400 சதுர அடி என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஏறக்குறைய 223 சதுர மீட்டர். அதன் மீது 1 செ.மீ. மழை பெய்தால் விழுவது சுமார் 2,230 லிட்டர். சென்னையின் ஆண்டு மழையளவு சராசரியாக 140 செ.மீ. என்று கொண்டு, ஆவியாவதும் சிந்துவதும் போக எண்பது விழுக்காட்டைப் பிடித்தாலும், ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டரை லட்சம் லிட்டர் கிடைக்கும். 9,000 லிட்டர் லாரியில் அது இருபத்தேழு லோடுக்கு மேல். விலை கொடுத்து வாங்குவதை ஐப்பசியில் இலவசமாகத் தெருவில் விட்டுவிட்டு, சித்திரையில் லாரிக்காகக் காத்திருக்கிறோம்.

மண்ணின் தன்மையையும் பார்க்க வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணற்பகுதிகளில் ஆழமில்லாத குழியே தண்ணீரை வாங்கிக்கொள்ளும். களிமண் படிவம் குறுக்கிடும் இடத்தில் நாலடிக் குழி வெறும் தொட்டியாக நிற்குமே தவிர, நிலத்துக்குள் எதையும் இறக்காது. அங்கே களிமண்ணைத் தாண்டி மணல் தட்டுப்படும் வரை உறை இறக்கிக் கிணறாகவே அமைக்க வேண்டும். உங்கள் வளாகத்தில் பயன்படாத பழைய கிணறு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் குப்பை கொட்டி மூடிவிடாதீர்கள். அதைவிடச் சிறந்த சேகரிப்பு அமைப்பை நீங்கள் காசு கொடுத்தும் கட்ட முடியாது. மாடித் தண்ணீரை ஜல்லியும் மணலும் இட்ட வடிகட்டித் தொட்டி வழியாக அதற்குள் விடுங்கள். பருவத்தின் முதல் மழையை மட்டும் வெளியே தள்ளிவிடுங்கள், ஏனென்றால் மாடியின் தூசியும் புறா எச்சமும் அதில்தான் வரும். குளியலறைத் தண்ணீரையோ வண்டி நிறுத்தும் தரையில் ஓடும் தண்ணீரையோ கிணற்றில் விடவே கூடாது.

உப்பைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். கடலுக்கு இவ்வளவு அருகில் நாம் எல்லோரும் இடைவிடாமல் உறிஞ்சினால், நல்ல தண்ணீர் விட்டுப்போன இடத்துக்கு உப்புத் தண்ணீர் நகர்ந்து வரும். மேலிருந்து இறங்கும் மழைநீர் அதை எதிர்த்துத் தள்ளும். ஆனால் ஒரு கட்டடம் மட்டும் சேகரித்து ஒரே பருவத்தில் தண்ணீர் இனித்துவிடாது. பக்கத்து வீடுகளும் சேர வேண்டும். சில பருவங்கள் பொறுக்கவும் வேண்டும். தூர் வாருவதைப் புரட்டாசிக்குத் தள்ளிப் போடாமல் இப்போதே செய்யுங்கள். குழி காய்ந்திருக்கும், கொத்தனாரும் கிடைப்பார்.

அறுபத்துமூவர் விழாவுக்கு எண்பது வயது மாமியாரையும் ஆறு வயது மகளையும் அழைத்துச் செல்ல ஆசை. சங்கிலி பறிப்பை நினைத்தால் பயமாக இருக்கிறது. போகலாமா?
(வாசகி, ராயப்பேட்டை)

தாராளமாகப் போங்கள், அம்மா. ஞானசம்பந்தர் காலத்திலேயே விழாக்களுக்குப் பெயர்பெற்ற ஊர் இது. சங்கிலிக்குப் பயந்து வீட்டில் உட்கார வேண்டியதில்லை. ஆனால் அறுபத்துமூவர் அன்று முதியவரோடும் குழந்தையோடும் மாட வீதியின் நெரிசலுக்குள் நுழைவது எனக்கு உடன்பாடில்லை. பத்து நாள் விழாவில் ஏழாம் நாள் தேரும் எட்டாம் நாள் பிற்பகல் அறுபத்துமூவர் உலாவும்தான் பெருங்கூட்டம் சேர்ப்பவை. உங்கள் மாமியாருக்குச் சுவாமியைக் கண்குளிரப் பார்ப்பதுதான் வேண்டும் என்றால், விழாவின் முற்பகுதியில் ஒரு வாகனக் காட்சி நாளைத் தேர்ந்தெடுங்கள். அருகில் நின்று பார்க்கலாம். அறுபத்துமூவரையே பார்க்க வேண்டும் என்றால், மாட வீதியில் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையிலோ மாடியிலோ, உலா புறப்படுவதற்கு வெகு முன்பே போய் இடம் பிடித்துவிடுங்கள். அந்த வீதியில் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத சென்னைக் குடும்பம் அபூர்வம். லஸ் பக்கம் மெட்ரோ ரயில் வேலை நடப்பதால் காரை மறந்துவிட்டு, பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்குவதே மேல்.

கனமான சங்கிலியை வீட்டில் வைத்துவிடுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொன்னால் மாமியார் கேட்கமாட்டார், நானும் சொல்லமாட்டேன். ரவிக்கையோடு சேர்த்து இரண்டு இடத்தில் ஊக்குப் போட்டு, புடவைத் தலைப்பைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டால் போதும். பின்கழுத்து வெளியே தெரியாமல் இருப்பதுதான் முக்கியம். குழந்தையின் உள்ளங்கையில் எழுதினால் வியர்வையில் அழிந்துவிடும். முன்கையின் உட்புறத்தில் உங்கள் கைப்பேசி எண்ணைப் பேனாவால் எழுதுங்கள். தொலைந்துபோனால் வந்து நிற்க வேண்டிய ஓர் இடத்தையும் காட்டி வையுங்கள். ‘கோயில் வாசல்’ என்று சொன்னால் அங்கே ஆயிரம் பேர் நிற்பார்கள். காவல்துறையின் கண்காணிப்பு மேடை போன்ற ஓர் இடமாகக் காட்டுங்கள்.

மீறி ஏதேனும் நடந்தால் துரத்த வேண்டாம். 100 அல்லது 112-ஐ அழையுங்கள். வண்டியின் நிறம், சென்ற திசை, அணிந்திருந்த சட்டை ஆகிய மூன்றையும் உடனே சொன்னால் போதும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்பு என்பது 304-ஆவது பிரிவில் தனிக் குற்றமாகவே இடம்பெற்றிருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாமல் முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்யக் கேளுங்கள். அதன் நகலைக் கட்டணமின்றிப் பெறுவது உங்கள் உரிமை. ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்பதும் இப்போது சரியான பதில் ஆகாது; எந்த நிலையத்திலும் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு மாற்றிவிடலாம்.

விழாவில் நீர்மோர்ப் பந்தல் வைக்கிறோம். தண்ணீர் பாக்கெட்டும் சேர்த்துக் கொடுக்கலாமா?
(இளைஞர் குழுவினர், மயிலாப்பூர்)

கூடாது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. தண்ணீர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் குவளையும் அதில் அடக்கம். எவர்சில்வர் டம்ளர் இருநூறு வாடகைக்கு எடுத்து, கழுவுவதற்கு இரண்டு அண்டா வையுங்கள். முதல் அண்டாவில் அலசி, இரண்டாவதில் முக்கி எடுத்தால் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதைவிட மிகக் குறைந்த தண்ணீரே ஆகும். இரண்டாவது அண்டாத் தண்ணீர் கலங்கியதும் அதை முதலாவதற்கு மாற்றிக்கொள்ளலாம். நம் கல்யாணச் சமையல்காரர்கள் காலங்காலமாகச் செய்வது இதுதான்.

மே மாதம் பதினைந்து நாள் ஊருக்குப் போகிறோம். பூட்டிய வீட்டுக்கு என்ன பாதுகாப்புச் செய்யலாம்?
(வாசகர், அபிராமபுரம்)

எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை வீடு பூட்டியிருக்கும் என்பதை முகவரி, கைப்பேசி எண்ணோடு உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். ரோந்து செல்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நகையை வங்கி லாக்கரில் வையுங்கள். செய்தித்தாளையும் பால் பாக்கெட்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஊரில் எடுத்த படங்களைத் திரும்பி வந்த பிறகு நிலைத்தகவலில் போடுங்கள். இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை.

பலரும் மறப்பது வாசற்கோலத்தை. எங்கள் பக்கத்துத் தெருக்களில் பெருக்காத வாசலும், நாலு நாளைக்கு முந்தைய கோலத்தின் மங்கிய சுவடும், ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று பலகை மாட்டியதற்குச் சமம். வேலை செய்யும் அம்மாவிடம் பதினைந்து நாளும் வாசல் தெளித்து நாலு இழை இழுத்துவிடும்படி சொல்லி, அதற்குரிய சம்பளத்தையும் முன்னதாகக் கொடுத்துவிட்டுப் போங்கள். கதவுக்கு வெளியே பெரிய தொங்கு பூட்டு வேண்டாம். உள்பூட்டு நல்லதாக இருந்தால், ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது வெளியே தெரியாது.

இன்னொன்று என் சொந்த அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் ஊருக்குப் புறப்படும் காலையில் கை கழுவக் குழாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. வண்டிக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் மூடாமலே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அன்று பிற்பகல் யாரோ மோட்டார் போட்டிருக்கிறார்கள். மாடித் தொட்டி முழுவதும் என் சமையலறை வழியாகக் கீழ்வீட்டுக் கூரையில் இறங்கிவிட்டது. கீழ்வீட்டு மாமி இன்றும் என்னைக் கண்டால் முதலில் கேட்பது, “குழாயை மூடினீங்களா?” என்பதுதான். ஆகவே கடைசியாகப் பூட்டுவதற்கு முன் தண்ணீர் வால்வையும் எரிவாயு உருளையையும் மூடுங்கள். சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

எங்கள் தெருவில் எட்டு சி.சி.டி.வி. கேமராக்கள் இருந்தும், சென்ற மாதம் வண்டி திருட்டுப் போனபோது ஒன்றிலும் பதிவு இல்லை. இதற்கு யார் பொறுப்பு?
(வாசகர், ஆழ்வார்பேட்டை)

இந்தக் கடிதத்தைப் படித்ததும் முதல் கேள்வியின் துளசித் தொட்டிதான் நினைவுக்கு வந்தது. 2017-க்குப் பின் சென்னைக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்று இயக்கமாகவே நடத்தியபோது, தெருவாசிகளும் கடைக்காரர்களும் பணம் போட்டு ஆயிரக்கணக்கில் கேமராக்களைப் பொருத்தினார்கள். பல குற்றங்களில் துப்புத் துலங்க அவை உதவின. பொருத்திய அன்று நாடா வெட்டிப் படம் எடுத்துக்கொண்டவர்களில் பராமரிப்புச் செலவை யார் ஏற்பது என்று கேட்டவர் சிலரே. உங்கள் தெருவில் பணம் போட்டது சங்கம் என்றால், பொறுப்பும் சங்கத்துடையதுதான். காவல் நிலையத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

பெரும்பாலும் பழுதாவது கேமரா அல்ல. பதிவுப் பெட்டியின் ஹார்ட் டிஸ்க் நின்றுபோயிருக்கும். மின்வெட்டுக்குப் பின் பெட்டியின் கடிகாரம் பழைய தேதிக்குப் போயிருக்கும். பதிவு இருந்தும் தேடிய நாளில் கிடைக்காது. ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மீதே புதியது ஏறும் என்பதால், பதினைந்து நாள் கழித்துத் தேடினால் வெறுமைதான் மிஞ்சும். இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்கைச் சுற்றிப் பூச்சி வரும். பூச்சியைத் தேடிச் சிலந்தி வந்து கண்ணாடியின் குறுக்கே வலை பின்னும். வலை அந்த ஒளியில் வெள்ளையாகத் தகதகக்க, தெரு முழுவதும் மூடுபனியில் கிடப்பது போலப் பதிவாகும். நீண்ட கழியில் ஒரு பழைய துணியைச் சுற்றித் துடைத்தால் தீரும் குறை இது. வேப்பமரக் கிளை வளர்ந்து மறைப்பதையும், வரவேற்புப் பதாகை குறுக்கே தொங்குவதையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாதம் ஒருமுறை இரவு எட்டு மணிக்கு ஒருவரைத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்கவிட்டு, மறுநாள் பதிவைப் போட்டு அவர் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். வண்டி எண் தெரிய வேண்டும் என்றால், தெரு முழுவதையும் காட்டுவதற்காக உயரத்தில் வைத்த கேமரா பயன்படாது. தெரு முனையில் தாழ்வாக, வண்டி திரும்பும் இடத்தைப் பார்த்து ஒன்று தனியாக வேண்டும். எதிர்வீட்டுப் படுக்கையறைச் சன்னலைப் பார்க்கும் கேமராவை மட்டும் உடனே திருப்பி வையுங்கள். அது பாதுகாப்பு அல்ல, வம்பு.

ஓய்வுபெற்ற என் தந்தைக்கு, ‘உங்கள் பெயரில் பார்சல் பிடிபட்டிருக்கிறது, டிஜிட்டல் கைது செய்கிறோம்’ என்று வீடியோ அழைப்பு வந்தது. பணம் அனுப்பும் முன் தடுத்துவிட்டேன். இனி என்ன செய்வது?
(வாசகி, மயிலாப்பூர்)

டிஜிட்டல் கைது என்று நம் நாட்டுச் சட்டத்தில் ஒன்று இல்லவே இல்லை. எந்தக் காவல் அதிகாரியும் வீடியோ அழைப்பில் கைது செய்வதுமில்லை, சரிபார்ப்பதற்காகப் பணத்தை அனுப்பச் சொல்வதுமில்லை. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலியில் இதைப் பற்றி எச்சரித்துப் பேசினார். பணம் போகவில்லை என்றாலும் cybercrime.gov.in தளத்தில் அந்த எண்ணைக் குறிப்பிட்டுப் புகார் பதியுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்குவதற்கு அந்த முதல் சில மணி நேரம்தான் வாய்ப்பு. தந்தையைக் கடிந்துகொள்ளாதீர்கள். ‘யாரிடமும் சொல்லாதே, அறையை விட்டு வெளியே வராதே’ என்பதுதான் இந்த மோசடிக்காரர்களின் முதல் கட்டளை. திட்டு வாங்குவோம் என்று பயப்படும் முதியவர் அந்தக் கட்டளைக்கு எளிதில் பணிந்துவிடுவார்.

விழா நாட்களில் ஒலிபெருக்கிக்கு நேர வரம்பு உண்டா?
(வாசகர், மந்தைவெளி)

உண்டு. இரவு 10 முதல் காலை 6 மணி வரை கூடாது என்பதே பொது விதி. கலை, சமய விழாக்களுக்காக ஆண்டில் மொத்தம் பதினைந்து நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை நீட்டிக்க மாநில அரசு அனுமதிக்கலாம். முதலில் பந்தல்காரரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். பெரும்பாலும் பெட்டியைத் திருப்பி வைத்துவிடுவார்கள்.

எங்கள் வீட்டுக் குழாயில் சில நாட்களாகக் காலை முதல் பத்து நிமிடம் தண்ணீர் நாற்றமடிக்கிறது, பிறகு சரியாகிவிடுகிறது. தெரு முனையில் தரையும் எப்போதும் ஈரமாக இருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
(வாசகி, மயிலாப்பூர்)

பெரும்பாலும் உண்டு, அம்மா. தண்ணீர் விடும் நேரத்தில் குழாயின் விரிசல் வழியாக நல்ல தண்ணீர் வெளியே கசியும். விடாத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இல்லாததால், பக்கத்தில் தேங்கியிருக்கும் கழிவுநீர் அதே விரிசல் வழியாக உள்ளே இறங்கும். அடுத்த நாள் காலை முதலில் உங்கள் வீட்டுக்கு வருவது அதுதான். தெருக் குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சுபவர்கள் இருந்தால் இந்தக் கேடு இரட்டிப்பாகும். அப்படி உறிஞ்சுவது சட்டவிரோதம் என்பதோடு, அவர்கள் இழுப்பது தெருவுக்கே பொதுவான சாக்கடையையும் சேர்த்துத்தான். நாற்றம் நிற்கும் வரை அந்தத் தண்ணீரைச் சம்ப்பில் சேரவிடாமல் வெளியேற்றுங்கள்; குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

சென்னைக் குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டரின் புகார் எண் 044-4567 4567. ‘பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில்’ என்று சொன்னால், நம் வட்டாரத்தில் எந்தப் பிள்ளையார் என்று தேடவே ஒரு நாள் ஆகிவிடும். கசிவுக்கு மிக அருகில் உள்ள விளக்குக் கம்பத்தின் எண்ணைச் சொல்லுங்கள். புகாருக்குக் கிடைக்கும் பதிவு எண்ணையும் தேதியையும் தினசரிக் காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். ஆட்கள் வந்து தோண்டும்போது யாராவது ஒருவர் கூட நின்று, ஈரம் முதலில் தெரிந்த இடத்தைக் காட்டுங்கள். தண்ணீர் சரிவில் ஓடிக் கீழே போய்த் தேங்கும் என்பதால், குட்டை நிற்கும் இடத்தில் தோண்டினால் விரிசல் அங்கே இருக்காது.